பயிற்சியாளர் கையில் எத்தனை சாவிகள்?

2018 ஜனவரி 17. தென்கொரியாவின் பியோங்சாங்கில் குளிர்கால ஒலிம்பிக் தொடங்க மூன்று வாரம் சொச்சம்தான் இருந்தது. வீரர்களை வாழ்த்துவதற்காக ஜின்சியோனில் உள்ள தேசியப் பயிற்சி மையத்துக்கு அதிபர் மூன் ஜே இன் வந்தார். ஷார்ட் டிராக் ஸ்கேட்டிங் மகளிர் அணியின் கேப்டன் ஷிம் சுக் ஹீயை மட்டும் காணவில்லை. அவருக்குச் சளிக்காய்ச்சல் என்று வந்தவர்களிடம் சொல்லப்பட்டது.

காய்ச்சல் எதுவும் இல்லை. முந்தைய நாள் பயிற்சியாளர் சோ ஜே பொம் அடித்த அடியில் அவர் முகாமை விட்டே வெளியேறியிருந்தார். ஷிம்முக்கு அப்போது 20 வயது. 2014 சோச்சி ஒலிம்பிக்கில் தங்கம், வெள்ளி, வெண்கலம் மூன்றும் வாங்கியவர். நாடே முகம் அறிந்த ஒரு வீராங்கனைக்கு இது நடந்தது. செய்தி வெளியே கசிந்த பிறகுதான் காய்ச்சல் கதை கலைந்தது, பயிற்சியாளர் நீக்கப்பட்டார். ஷிம் முகாமுக்குத் திரும்பினார். பிப்ரவரி 20 அன்று தொடரோட்டத்தில் இன்னொரு ஒலிம்பிக் தங்கமும் வென்றார்.

அந்த ஆண்டு டிசம்பரில் சுவோன் நீதிமன்றத்தில் அவர் சாட்சி சொன்னபோது கதையின் நீளம் தெரிந்தது. முதல் வகுப்புப் படிக்கும்போதே அடி தொடங்கிவிட்டது. நான்காம் வகுப்பில் ஐஸ் ஹாக்கி மட்டையால் அடித்ததில் விரல் எலும்பு முறிந்தது. 2018 ஜனவரியில் வாங்கிய அடியின்போது, செத்துவிடுவோம் என்றே நினைத்தாராம். 2019 ஜனவரியில் அதைவிடப் பெரிய உண்மை வெளியே வந்தது. 2014-இல், ஷிம் 17 வயதுச் சிறுமியாக இருந்தபோது தொடங்கி, அந்தப் பயிற்சியாளர் அவரைப் பாலியல் வன்கொடுமைக்கும் உள்ளாக்கியிருந்தார். பயிற்சியாளர் கடைசிவரை மறுத்தார். ஷிம் எழுதி வைத்திருந்த குறிப்புகள் வழக்கில் முக்கியச் சான்றாயின. கீழ் நீதிமன்றம் கொடுத்த 10 ஆண்டு 6 மாதத் தண்டனையை மேல் நீதிமன்றம் 13 ஆண்டாக உயர்த்தியது. 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது.

இப்படியொரு செய்தி வந்தால் டீக்கடை முதல் டி.வி. விவாதம் வரை ஒரே கேள்விதான் எழும்: “இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை?” கேள்வி எளிதாக வந்துவிடுகிறது. பதிலைத் தேட வேண்டிய இடம் அந்தப் பெண்ணின் மனத்துணிவு அல்ல. ஒரு விளையாட்டு வீரரின் வாழ்க்கையில் திறக்க வேண்டிய கதவுகள் எத்தனை, அவற்றின் சாவிகள் யார் யாரிடம் இருக்கின்றன என்று எண்ணிப் பார்க்க வேண்டும். செலக்‌ஷன், தங்குமிடம், சாப்பாடு, எடை, காயத்துக்கு வைத்தியம், கல்லூரி இடம், சம்பளம், புகார் கொடுக்கும் வழி என எல்லாச் சாவிகளும் ஒரே ஆளின் இடுப்பில் தொங்கினால், அந்த ஆள் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. கெட்டவராக இருந்துவிட்டால் தடுக்க யாரும் இல்லை என்பதுதான் விஷயம்.

கொத்து உருவான விதம்

தென்கொரியா இந்தச் சாவிக்கொத்தைத் திட்டமிட்டே செய்தது. சோல் நகரின் தேரங் பகுதியில் 1966-இல் தேசிய வீரர்களுக்கான பயிற்சிக் கிராமம் திறக்கப்பட்டது. ராணுவ ஆட்சி நடந்த 1970-களில் சலுகைகள் ஒவ்வொன்றாக வந்தன. படிப்பில் மதிப்பெண் இல்லாவிட்டாலும் விளையாட்டுத் திறமைக்குக் கல்லூரி இடம். ஒலிம்பிக்கில் ஏதாவது ஒரு பதக்கமோ ஆசியப் போட்டியில் தங்கமோ வென்ற ஆண்களுக்குக் கட்டாய ராணுவச் சேவையிலிருந்து கிட்டத்தட்ட விடுதலை. பதக்கம் வென்றவர்களுக்கு ஆயுள் முழுக்க மாத ஓய்வூதியம். ஒலிம்பிக் தங்கத்துக்கு இன்று மாதம் 10 லட்சம் வோன்.

இதற்குப் பலன் இல்லாமல் போகவில்லை. 1988 சோல் ஒலிம்பிக்கில் 12 தங்கத்துடன் அந்த நாடு நான்காம் இடம் பிடித்தது. சின்ன நாடு, பெரிய சாதனை. ஆனால் விளையாட்டில் கால் வைத்த பிள்ளைக்குத் திரும்பும் வழி அடைபட்டது. வகுப்புக்குப் போகாமல் காலை முதல் இரவு வரை பயிற்சி. பன்னிரண்டு வயதில் ‘இவன் ஸ்கேட்டர், இவள் ஜூடோ’ என்று முத்திரை விழுந்துவிடும். பதினேழு வயதில் விட்டுவிடலாம் என்றால், கையில் படிப்பும் இல்லை, வேறு தொழிலும் தெரியாது. பெற்றோர் வீட்டையே மாற்றியிருப்பார்கள், கடனும் வாங்கியிருப்பார்கள். “கோச் சார் எது செய்தாலும் உன் நல்லதுக்குத்தான்” என்று வீட்டிலேயே சொல்லும் நிலை. இந்த வசனம் நம் ஊர் மைதானங்களிலும் கேட்கிற வசனம்தான்.

இதோடு முகாம் வாழ்க்கையும் சேர்கிறது. பள்ளி அணி, நகராட்சி அணி, தேசிய அணி எங்கும் ஒன்றாகத் தங்கிப் பயிற்சி எடுப்பதே வழக்கம். எழுவது, உண்பது, போன் பேசுவது, வெளியே போவது எல்லாவற்றுக்கும் அனுமதி வேண்டும். மூத்தவர்களின் துணியை இளையவர்கள் துவைக்க வேண்டும். பயிற்சியாளரின் அதிகாரம் இப்படிப் படிப்படியாகக் கீழே இறங்கி, மூத்த வீரர்களையும் சின்னப் பயிற்சியாளர்களாக்கிவிடுகிறது. இது எவ்வளவு தூரம் போகும் என்பதை கியோங்ஜு நகர டிரையத்லான் அணி காட்டியது.

ரொட்டி, பீச் பழம், ‘டாக்டர்’

சோய் சுக் ஹியோன் அந்த அணியில் இருந்தவர். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த டிரையத்லானில் ஜூனியர் காலத்திலேயே ஆசிய அளவில் பதக்கம் வென்றவர். அவர் விட்டுச் சென்ற வாக்குமூலத்திலும் சக வீராங்கனைகள் பின்னர் கொடுத்த பேட்டியிலும் திரும்பத் திரும்ப வருவது சாப்பாடு. எடை கூடிவிட்டதற்குத் தண்டனையாக 2 லட்சம் வோனுக்கு, அதாவது நம் கணக்கில் பத்தாயிரம் ரூபாய்க்கும் மேல், ரொட்டி வாங்கிவந்து இரவெல்லாம் தின்னவைத்தார்கள். தின்றதை வாந்தியெடுத்துவிட்டு மறுபடியும் தின்ன வேண்டும். இன்னொரு முறை மூன்று நாள் பட்டினி. ஒரு பீச் பழம் சாப்பிட்டதைப் பயிற்சியாளரிடம் சொல்லவில்லை என்பதற்காகக் கன்னத்தில் அறை. அந்தப் பழத்தைத்தான் மறக்க முடியவில்லை. வளர்ந்த ஒரு பெண், கடுமையாகப் பயிற்சி செய்துவிட்டு வந்து ஒரு பழம் தின்றதற்குக் கணக்குக் காட்ட வேண்டியிருந்தது.

அந்த அணியில் ‘டீம் டாக்டர்’ என்று அழைக்கப்பட்ட ஒருவர் இருந்தார். அவர் மருத்துவரும் இல்லை, பிசியோதெரபிஸ்ட் உரிமமும் அவரிடம் இல்லை. பயிற்சியாளரே அழைத்துவந்த ஆள். வீரர்கள் அவருக்கு ‘சிகிச்சை’க்கென்று தனியாகப் பணம் கட்டினார்கள். 2019 மார்ச்சில் நியூஸிலாந்து முகாமில் இந்த ஆள் அடித்ததை சோய் ரகசியமாகப் பதிவுசெய்து வைத்திருந்தார். பயிற்சியாளர் பக்கத்திலேயே இருந்தார். காயம் பட்டால் ‘இன்று ஓடாதே’ என்று சொல்ல வேண்டியவர் மருத்துவர். அந்த இடத்தில் பயிற்சியாளரின் ஆளே உட்கார்ந்துவிட்டால், வீரரின் உடம்புக்காகப் பேச முகாமுக்குள் யாருமே மிச்சமில்லை. பயிற்சியாளர்–வீரர் உறவைப் பற்றிப் பேசும்போது அடி உதையைத்தான் முதலில் பார்க்கிறோம். என்னைக் கேட்டால், முதலில் பார்க்க வேண்டியது வெயிட் மெஷின் யார் அறையில் இருக்கிறது, டாக்டர் யாருக்குப் பதில் சொல்கிறார் என்பதைத்தான்.

சோய் பேசாமல் இருந்தவர் அல்ல. 2020 பிப்ரவரியில் கியோங்ஜு நகர நிர்வாகம், மார்ச்சில் அரசு வழக்கறிஞர் அலுவலகம், ஏப்ரலில் கொரிய விளையாட்டு மற்றும் ஒலிம்பிக் குழு, ஜூனில் டிரையத்லான் கூட்டமைப்பு, ஜூன் 25 அன்று தேசிய மனித உரிமை ஆணையம் என்று அவர் தரப்பு கதவு கதவாகத் தட்டியது. மறுநாள் ஜூன் 26 அன்று அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 22. அம்மாவுக்கு அனுப்பிய கடைசிச் செய்தியில், அவர்கள் செய்த குற்றத்தை வெளிக்கொண்டுவரும்படி கேட்டிருந்தார்.

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ஆகஸ்டில் சட்டம் திருத்தப்பட்டது. மக்கள் அதை அவர் பெயராலேயே அழைக்கிறார்கள். கூட்டமைப்புகளுக்கு வெளியே விளையாட்டு நெறிமுறை மையம் என்ற தனி அமைப்பு உருவானது. பயிற்சியாளருக்கு 7 ஆண்டு, கொடுமையில் பங்கெடுத்த அணிக் கேப்டனான வீராங்கனைக்கு 4 ஆண்டு சிறை. ‘டாக்டர்’ தனியாக விசாரிக்கப்பட்டு அவருக்கும் ஏழாண்டுக்கு மேல் தண்டனை. கேப்டனும் அதே முகாமின் சாப்பாட்டைச் சாப்பிட்டு, அதே எடைக் கணக்கில் வளர்ந்தவர் என்பதை மறந்துவிட முடியாது. அதற்காக அவருடைய குற்றம் குறைந்துவிடாது.

அடி வாங்கியவர்கள் என்ன நினைத்தார்கள்?

ஷிம் விவகாரத்துக்குப் பின் தேசிய மனித உரிமை ஆணையம் நாடு முழுக்க பள்ளி விளையாட்டு வீரர்களிடம் ஓர் ஆய்வு நடத்தியது. 57,557 பேர் பதில் சொன்னார்கள். உடல்ரீதியாகத் துன்புறுத்தப்பட்டதாக 14.7 சதவீதம் பேரும், பாலியல் தொல்லைக்கு ஆளானதாக 3.8 சதவீதம் பேரும், அதாவது 2,212 பிள்ளைகள், சொன்னார்கள். 2019 நவம்பரில் வெளியான இந்த எண்கள் எல்லாம் செய்தியாயின. ஆனால் அதே ஆய்வில் இருந்த இன்னொரு எண்தான் என் தூக்கத்தைக் கெடுத்தது. அடி வாங்கிய தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளிடம், அதற்குப் பிறகு என்ன தோன்றியது என்று கேட்டார்கள். ‘இன்னும் நன்றாக உழைக்க வேண்டும்’ என்று தோன்றியதாக 38.7 சதவீதம் பேர் சொன்னார்கள்.

பத்து வயதுப் பிள்ளைக்குக் கோபம் வரவில்லை, தன் மேலேயே குறை தெரிகிறது. அடித்தவரே மறுநாள் தோளில் தட்டி, ‘நேற்றைவிட நல்லா ஓடினே’ என்று பாராட்டுகிறார். அந்தப் பாராட்டுக்காக ஏங்கும் பிள்ளை, அடியும் பாராட்டும் ஒரே பயிற்சியின் இரண்டு பகுதிகள் என்று கற்றுக்கொள்கிறது. அந்த வயதில் பூட்டியதை இருபது வயதில், ஒலிம்பிக் பதக்கத்தோடு, ஒரே நாளில் திறந்துவிட முடியாது. ‘ஏன் சொல்லவில்லை’ என்ற கேள்விக்கு ஆணையத்தின் அந்த ஒற்றை எண்ணைவிட நல்ல பதில் கிடைக்காது.

பாதிக்கப்பட்டவர் எப்போதும் குற்றமற்ற தேவதையாக இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் இங்கே ஒரு தடை. ஷிம் 2018-இல் வேறொரு பயிற்சியாளருக்கு அனுப்பிய குறுஞ்செய்திகள் 2021 அக்டோபரில் வெளியாயின. அவற்றில் சக வீராங்கனைகளை இழிவாகப் பேசியிருந்தார். இரண்டு மாதத் தடை விழுந்தது, 2022 பெய்ஜிங் ஒலிம்பிக் வாய்ப்பும் போனது. பேசியது தவறுதான். ஆனால் அது அவருக்கு நடந்த கொடுமையில் ஒரு துளியையும் குறைக்கவில்லை. இரண்டையும் ஒரே தட்டில் போட்டு எடை பார்த்தவர்கள் நிறைய இருந்தார்கள்.

பயிற்சியாளர்களின் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். பலருக்கு ஓராண்டு, ஈராண்டு ஒப்பந்தம்தான். அடுத்த தேசியப் போட்டியில் பதக்கம் வராவிட்டால் நகராட்சி அணியே கலைக்கப்படலாம். மேலிருந்து வரும் அழுத்தத்தை அவர்கள் கீழே இறக்குகிறார்கள். சோ ஜே பொம்மும் முதலில் தொடரப்பட்ட தாக்குதல் வழக்கில், திறனை உயர்த்துவதற்காகவே அடித்ததாகத்தான் சொன்னார். நல்ல பயிற்சியாளர்களும் ஏராளம். அவர்கள் கண்டிப்பானவர்களாகவும் இருக்கலாம்; உலகத் தர விளையாட்டு கொஞ்சலில் வராது. கண்டிப்புக்கும் ஆதிக்கத்துக்கும் வித்தியாசம் காண ஒரு சோதனை போதும்: வீரர் ‘முடியாது’ என்று சொன்னால் என்ன நடக்கும்? ‘காலில் வலி, இன்று பத்து சுற்று வேண்டாம்’ என்றால் பயிற்சி அட்டவணை மாறுகிறதா, அணிப் பட்டியலே மாறுகிறதா?

அதே நாட்டில் வில்வித்தை

கொரிய வில்வித்தையை இங்கே பார்ப்பது பயன் தரும். நாடு, பண்பாடு, முகாம் எல்லாம் அதே. ஒரு சாவி மட்டும் இடம் மாறியிருக்கிறது. தேசிய அணித் தேர்வு மாதக்கணக்கில், சுற்றுச் சுற்றாக, பலர் முன்னால் நடக்கிறது. அம்பு எங்கே பட்டதோ அதுதான் தேர்வு. பழைய பதக்கத்துக்குச் சலுகை கிடையாது. 2016 ரியோவில் தனிநபர் தங்கம் வென்ற சாங் ஹே ஜின், கு போன் சான் இருவருமே டோக்கியோ ஒலிம்பிக் அணியில் இடம்பிடிக்க முடியவில்லை. பயிற்சியாளருக்கு ஒருவரைப் பிடிக்கலாம், பிடிக்காமல் போகலாம். அதனால் புள்ளிகள் மாறாது. 2024 பாரிஸில் வில்வித்தையின் ஐந்து தங்கங்களையும் கொரியா அள்ளியது. மகளிர் அணிப் பிரிவில் 1988 முதல் தொடர்ந்து பத்தாவது ஒலிம்பிக் தங்கம். பயம் இல்லாவிட்டால் பதக்கம் வராது என்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கலாம்.

இதை வைத்து வில்வித்தையில் கொடுமையே இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. அங்கும் பள்ளி அளவில் துன்புறுத்தல் புகார்கள் வந்திருக்கின்றன. எல்லா விளையாட்டையும் இப்படி அம்பால் அளக்கவும் முடியாது. கூடைப்பந்தில் ஐவரைத் தேர்ந்தெடுக்க ஒருவரின் கண் வேண்டும். அப்படிப்பட்ட விளையாட்டுகளில் மற்ற சாவிகளையாவது பிரித்துக் கொடுத்தாக வேண்டும்.

முகாமும் முதல் வகுப்பில் தொடங்கும் அடியும் இல்லாத நாட்டிலும் இந்தக் கொடுமை நடக்கும். அமெரிக்காவின் மேரி கெயின் 17 வயதில் 2013 உலகத் தடகளப் போட்டியில் 1,500 மீட்டர் இறுதிச் சுற்றில் ஓடியவர். பிறகு நைக்கியின் ஓரிகான் திட்டத்தில் சேர்ந்தார். சக வீரர்கள் முன்னால் தன்னை எடை பார்த்ததாகவும், எடையைக் குறைக்கச் சொல்லி விடாமல் வற்புறுத்தியதாகவும், மூன்று ஆண்டுகள் மாதவிடாய் நின்று ஐந்து எலும்புகள் முறிந்ததாகவும் 2019 நவம்பரில் அவர் வெளிப்படையாகச் சொன்னார். பயிற்சியாளர் ஆல்பர்ட்டோ சலாசர் இந்தக் குற்றச்சாட்டுகளை மறுத்தார். அங்கே ராணுவ ஆட்சி இல்லை, துணி துவைக்கும் வழக்கம் இல்லை. ஒரே நிறுவனத்தின் சம்பளமும் ஒரே பயிற்சியாளரின் சொல்லும் போதுமானதாக இருந்தன.

இந்தியாவில் 2022 ஜூனில், ஸ்லோவேனியாவுக்குப் பயிற்சிக்குப் போன ஒரு சைக்கிள் வீராங்கனை தலைமைப் பயிற்சியாளர் மீது புகார் கொடுத்தார். இந்திய விளையாட்டு ஆணையம் அவருடைய ஒப்பந்தத்தை முடித்தது. பெண் வீரர்கள் போகும் குழுவில் பெண் பயிற்சியாளரும் இருக்க வேண்டும் என்று அப்போதுதான் உத்தரவு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு மே மாதம் சென்னையில் தடகளப் பயிற்சியாளர் ஒருவர் போக்சோ சட்டத்தில் கைதானார். முதலில் ஒரு பெண் பேசினார், அதன் பிறகுதான் மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். முதல் ஆள் வாய் திறக்காதவரை எல்லாருமே தனித்தனி.

கொரியாவிலும் சீர்திருத்தம் நேர்கோட்டில் போகவில்லை. மாணவர்களை வகுப்புக்கு அனுப்புங்கள், பள்ளி முகாம்களை விடுங்கள் என்று 2019-இல் அரசுக் குழு பரிந்துரைத்தபோது, எதிர்த்தவர்களில் பெற்றோரும் வீரர்களும் இருந்தார்கள். பயிற்சி நேரம் குறைந்தால் கல்லூரி இடம் போய்விடும் என்பது அவர்கள் கவலை. ஒருவகையில் அது நியாயமான பயம்தான். ஒரு சாவியை மட்டும் பிடுங்கிவிட்டு மற்ற பூட்டுகளை அப்படியே விட்டால், பிள்ளை வெளியிலேயே நின்றுவிடும்.

2024 ஆகஸ்ட் 5 அன்று பாரிஸில் பாட்மிண்டன் மகளிர் ஒற்றையர் தங்கத்தை 22 வயது ஆன் சே யங் வென்றார். கொரியாவுக்கு அந்தப் பிரிவில் 28 ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த தங்கம். கழுத்தில் பதக்கம் ஏறிய கையோடு, தன் முழங்கால் காயத்தைத் தேசிய அணி கையாண்ட விதத்தைக் குறைசொல்லி அவர் பேசினார். தன் குரல் எடுபட வேண்டும் என்பதற்காகவே இத்தனை காலம் உழைத்ததாகவும், தன்னை ஓட்டியது கோபம்தான் என்றும் ஒரு பேட்டியில் சொன்னார். அரசு விசாரித்தது. தேசிய வீரர்கள் பயிற்சியாளரின் உத்தரவுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று பாட்மிண்டன் சங்கத்தின் விதியிலேயே எழுதியிருந்தது. சங்கத்துக்குப் பணம் தந்த நிறுவனத்தின் ராக்கெட்டையும் ஷூவையும்தான் பயன்படுத்த வேண்டியிருந்தது. தேசிய அணியை விட்டு விலகி சொந்தமாக சர்வதேசப் போட்டிகளுக்குப் போகலாம் என்றால், ஐந்தாண்டு அணியில் இருந்திருக்க வேண்டும், பெண்ணுக்கு 27 வயதும் ஆகியிருக்க வேண்டும் என்று அப்போது விதி இருந்தது. உலகின் முதல்நிலை வீராங்கனையும் அதுவரை காத்திருக்க வேண்டியிருந்தது.

2025 ஜனவரியில் நடந்த தேர்தல்களில் பாட்மிண்டன் சங்கத் தலைவரும் கொரிய விளையாட்டு மற்றும் ஒலிம்பிக் குழுவின் தலைவரும் தோற்றார்கள். சங்கத்துக்குப் பாட்மிண்டன் வீரர் கிம் டோங் மூனும், ஒலிம்பிக் குழுவுக்கு டேபிள் டென்னிஸ் வீரர் ரியூ சுங் மின்னும் வந்தார்கள். இருவரும் ஒலிம்பிக் தங்கம் வென்றவர்கள், இருவரும் அதே முகாம்களில் வளர்ந்தவர்கள். அங்கே எந்தப் பூட்டு எங்கே இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும்.